தவறு தானாக நடக்குமா?

தேர்தல் முடிவு வந்த மறுநாள் செய்தி அறையில் மொழிபெயர்ப்பவருக்கு வேலை குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. எண்களுக்கு மொழி ஏது? ஆனால் மாலையில் தோற்ற கட்சியின் அறிக்கை வந்து சேரும். 2004-ல் பா.ஜ.க. ஆட்சியை இழந்த சமயத்தில் இந்த வேலைக்குப் புதியவன் நான். அன்றிலிருந்து எத்தனையோ தோல்வி அறிக்கைகளைத் தமிழில் எழுதிவிட்டேன். கட்சி மாறும், வருடம் மாறும். வாசகம் மட்டும் ஏறக்குறைய அதேதான். மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்கிறோம். எங்கோ தவறு நடந்திருக்கிறது. சுயபரிசோதனை செய்வோம்.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு அந்த நடு வாக்கியம் உறுத்தும். 'தவறு நடந்திருக்கிறது.' இலக்கணப்படி குற்றமில்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. ஆனால் எழுவாய் 'தவறு'தான். தவறு தானே எழுந்து, தானே நடந்து வந்திருக்கிறது. செய்தவரைக் காணோம்.

தோற்ற கட்சியின் முன்னால் நிற்கும் சிக்கல்களை அரசியல் விமரிசகர்கள் வரிசையாக எண்ணுவார்கள். தலைவரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? சபைக்குள் வாதாடுவதா, தெருவில் இறங்குவதா? அரசு கொண்டுவரும் எல்லாவற்றையும் எதிர்ப்பதா, நல்லதை ஆதரிப்பதா? கூட்டணி சேர்ந்து சில தொகுதிகளைக் காப்பாற்றிக்கொள்வதா, தனியே நின்று கட்சியை வளர்ப்பதா? எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஏன் தோற்றோம்? தோற்றதற்கான காரணம் கட்சியின் தலைமை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே ஒரு கட்சி ஜெயிக்க முடியும். நம் நாட்டில் அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. அந்த வெற்றிதான் பிற்பாடு பலரைக் கெடுத்தது என்பது என் எண்ணம்.

1977 மார்ச். எமர்ஜென்சி அறிவித்த காங்கிரசுக்கு வாக்காளர்கள் பதில் சொன்னார்கள். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பீகாரின் 54-ல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் ராஜ்நாராயணிடம் இந்திரா காந்தி 55,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். பக்கத்து அமேதியில் சஞ்சய் காந்தியும் தோற்றார். நாடு முழுவதும் கட்சிக்குக் கிடைத்தது 154 இடங்கள்.

கட்சிக்குள் உடனே ஒரு முயற்சி நடந்தது. பன்சிலாலை நீக்கினார்கள். புதிய தலைவராக பிரம்மானந்த ரெட்டி தேர்ந்தெடுக்கப்பட்டார். லோக்சபாவில் எதிர்க்கட்சித் தலைவராக ஒய்.பி. சவான் அமர்ந்தார். இவர்களுடைய கணக்கு எளிமையானது. எமர்ஜென்சியின் சுமையைச் சிலர் தலையில் இறக்கிவைத்துவிட்டு, சபைக்குள் பொறுப்பான எதிர்க்கட்சியாக நடந்துகொண்டால் மக்கள் காலப்போக்கில் மன்னிப்பார்கள். பாடநூலில் எழுதத் தகுந்த யோசனை.

இந்திரா காந்தி நேர் எதிராக நடந்தார். நடந்த அத்துமீறல்களுக்கு வருத்தம் தெரிவித்தாரே தவிர, எமர்ஜென்சியே தவறு என்று கடைசிவரை சொல்லவில்லை. ஷா கமிஷன் முன் ஆஜரானார், ஆனால் பிரமாணம் எடுத்து சாட்சி சொல்ல மறுத்தார். சபையில் அவருக்கு இடமில்லை. எனவே தெருவைத் தேர்ந்தெடுத்தார். 1977 மே மாதம் பீகாரின் பெல்ச்சி கிராமத்தில் பதினோரு பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் தலித்துகள். ஆகஸ்டில் இந்திரா அங்கே புறப்பட்டார். மழையில் பாதை சேறும் நீருமாகிக் கார் போக முடியாத இடத்தில் யானை மேல் ஏறிப் போனார். ஆட்சியில் இருந்தவர்கள் போகாத இடத்துக்குத் தோற்றவர் போனார் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது.

மீதியை ஜனதா அரசே செய்து கொடுத்தது. அக்டோபர் 3-ம் தேதி உள்துறை அமைச்சர் சரண்சிங்கின் உத்தரவில் இந்திரா கைதானார். மறுநாள் மாஜிஸ்திரேட் அவரை விடுவித்துவிட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் ஒரே இரவில் பழிவாங்கப்பட்டவராக வெளியே வந்தார். 1978 ஜனவரியில் கட்சியை உடைத்து காங்கிரஸ் (இ) தொடங்கினார். அடுத்த மாதமே கர்நாடகாவிலும் ஆந்திராவிலும் சட்டசபைத் தேர்தல். இரண்டிலும் அவர் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் வீரேந்திர பாட்டீலைத் தோற்கடித்து லோக்சபாவுக்கு வந்தார். டிசம்பரில் உரிமைமீறல் பிரச்னையில் சபை அவரை வெளியேற்றிச் சிறைக்கும் அனுப்பியது. ஜனதாவுக்கு அதனால் ஒரு வாக்குகூடக் கூடியிருக்காது.

சபைக்குள் இருந்த இரு காங்கிரசுகளும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராஜ்யசபாவில் ஜனதாவுக்குப் பெரும்பான்மை இல்லை. வங்கிப் பணி ஆணையத்தை ரத்து செய்யும் மசோதாவை அங்கே தோற்கடித்தார்கள். அதை நிறைவேற்ற 1978 மே மாதம் இரு சபைகளின் கூட்டுக் கூட்டத்தையே அரசு கூட்ட வேண்டியதாயிற்று. எமர்ஜென்சி கால அரசியல் சட்டத் திருத்தங்களைச் சரிசெய்ய வந்த மசோதாவிலும் ஐந்து ஷரத்துகளை ராஜ்யசபா நிராகரித்தது. தோற்ற கட்சிக்கு மேல்சபை எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு இது உதாரணம்.

1979 ஜூலையில் சவான் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது ஜனதா கலைய ஆரம்பித்தது. மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார். தன்னைக் கைது செய்ய உத்தரவிட்ட அதே சரண்சிங் பிரதமராக இந்திரா வெளியிலிருந்து ஆதரவு தந்தார். சரண்சிங் சபையைச் சந்திக்குமுன் அந்த ஆதரவை விலக்கிக்கொண்டார். ஆகஸ்ட் 20-ம் தேதி சரண்சிங்கும் ராஜினாமா. 1980 ஜனவரித் தேர்தலில் காங்கிரஸ் (இ) 353 இடங்களைப் பிடித்தது. தோற்று மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கட்சிக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் மூன்று. தலைவரை விடாதே. தவறை ஒப்புக்கொள்ளாதே. எதிரி தானாக விழுவான், காத்திரு.

அந்த வைத்தியம் பலித்த உடம்பு எப்படிப்பட்டது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. 1977-ல் தோற்ற காங்கிரசுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு இருந்தது. ஆந்திராவில் 42-க்கு 41, கர்நாடகாவில் 28-க்கு 26 இடங்களில் அது ஜெயித்திருந்தது. வடக்கில் வீடு எரிந்தாலும் தெற்கில் தங்க இடமிருந்தது. எதிரே இருந்த ஜனதாவோ ஜனசங்கம், லோக்தளம், பழைய காங்கிரஸ், சோஷலிஸ்டுகள் என்று பல கட்சிகளை அவசரமாக ஒட்டவைத்தது. பிரதமர் பதவிக்கு உள்ளேயே மூன்று பேர் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட எதிரி தினமும் கிடைப்பதில்லை.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கட்சியின் பெயரோடு தலைவரின் முதலெழுத்து அடைப்புக்குறிக்குள் சேர்ந்துகொண்டது. தோல்விக்குக் காரணம் கேட்டவர்கள் எதிர்முகாமில் இருந்தார்கள். ஜெயித்தபின் கேட்க ஆளில்லை. 1970-களின் தொடக்கத்தில் நின்றுபோன உள்கட்சித் தேர்தல், நரசிம்மராவ் காலத்தில் 1992 திருப்பதி மாநாட்டை ஒட்டித்தான் திரும்ப நடந்தது. இருபது வருடம் ஒரு கட்சி தன் தொண்டனிடம் வாக்குக் கேட்கவில்லை. மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று டெல்லிக்குச் சொல்ல வேண்டியவர் டெல்லி அனுப்பிய ஆளாகவே இருந்தார்.

இதற்கு மாறாக இன்னொரு கட்சி இன்னொரு விதமாகத் தோல்வியைச் சந்தித்தது. 1984 டிசம்பரில் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். குவாலியரில் மாதவராவ் சிந்தியாவிடம் வாஜ்பாயியே தோற்றார். இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்ட துயரத்தில் நடந்த தேர்தல். அனுதாப அலை என்று சொல்லி விட்டுவிட எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் கட்சி அதோடு நிற்கவில்லை. 1985-ல் கிருஷ்ணலால் சர்மா தலைமையில் ஒரு குழு அமைத்து, கட்சியின் கொள்கை முதல் ஸ்தாபனம் வரை ஆராயச் சொன்னது. காந்திய சோஷலிசம் என்று 1980-ல் போட்ட பலகை பின்னால் போயிற்று. 1986-ல் வாஜ்பாயிடமிருந்து தலைமைப் பொறுப்பு அத்வானிக்குப் போயிற்று. 1989 ஜூனில் பாலம்பூரில் கூடி ராமர் கோயில் கோரிக்கைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டார்கள். அந்த வருடத் தேர்தலில் 85 இடங்கள். 1991-ல் 120. 1996-ல் 161.

ஸ்தாபன ரீதியாகப் பார்த்தால் இது நேர்மையான சுயபரிசோதனை. ஏன் தோற்றோம் என்று கேட்டார்கள், பதில் கண்டுபிடித்தார்கள், அதன்படி நடந்தார்கள். ஆனால் அவர்கள் கண்டுபிடித்த பதில் என்ன? 1990-ல் ரதயாத்திரை புறப்பட்டது. அது போன வழியில் பல ஊர்களில் ரத்தம் சிந்தியது. 1992 டிசம்பர் 6-ம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தோற்ற கட்சி ஒன்று தனக்குத் தேடிக்கொண்ட மருந்தை நாடு முழுவதும் சேர்ந்து விழுங்க வேண்டியிருந்தது. தோற்ற கட்சி என்ன செய்யப்போகிறது என்பது அந்தக் கட்சிக்காரர்களின் குடும்ப விஷயம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அவர்களுக்கு வாக்களிக்காதவர்களும் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் கையில் வைத்துக்கொண்டு 2014-க்கு வருவோம். காங்கிரசுக்கு 44 இடங்கள். வாக்கு 20 சதவீதத்துக்கும் கீழே. 543 பேர் கொண்ட சபையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று சொல்லி எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் தரப்படவில்லை. இந்த முறை தங்குவதற்குத் தெற்கு இல்லை. அதிகமாகக் கிடைத்த கர்நாடகாவில் ஒன்பது, கேரளத்தில் எட்டு, அவ்வளவுதான். எதிரே இருந்ததும் ஒட்டவைத்த ஜனதா அல்ல. தனிப் பெரும்பான்மை பெற்ற ஒரே கட்சி. 1977 வைத்தியம் பலிப்பதற்கான எந்த நிபந்தனையும் இல்லை.

வழக்கம்போல் ஏ.கே. ஆண்டனி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1999-ல் 114 இடங்களாகச் சுருங்கியபோதும் காரணம் தேடியது ஆண்டனி தலைமையிலான குழுதான். 2014 குழு அதே வருடம் ஆகஸ்டில் அறிக்கையைக் கொடுத்தது. அறிக்கையைக் கட்சி வெளியிடவில்லை. வாக்குச்சாவடியில் நாள் முழுக்கப் பசியோடு உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுக்கு, தன் உழைப்பு எதனால் வீணாயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை.

எதை எதிர்ப்பது என்ற சிக்கலும் உடனே வந்தது. ஜி.எஸ்.டி. காங்கிரஸ் கூட்டணி அரசே 2011-ல் கொண்டுவந்த யோசனை. அன்று குஜராத் உள்ளிட்ட பா.ஜ.க. மாநிலங்கள் அதை எதிர்த்தன. 2014-க்குப் பின் பாத்திரங்கள் மாறின, வசனம் மாறவில்லை. பா.ஜ.க. அரசு கொண்டுவந்த மசோதாவை ராஜ்யசபாவில் காங்கிரஸ் தடுத்து நிறுத்தியது. வரி விகிதத்துக்கு 18 சதவீத உச்சவரம்பு வேண்டும் என்றது. கடைசியில் 2016 ஆகஸ்டில் அந்த உச்சவரம்பு இல்லாமலே ஆதரித்து வாக்களித்தது. தடுத்ததற்கும் புகழ் கிடைக்கவில்லை, ஆதரித்ததற்கும் கிடைக்கவில்லை. பா.ஜ.க.வுக்கும் இந்த அனுபவம் உண்டு. அமெரிக்காவோடு நெருக்கத்தைத் தொடங்கிவைத்தது வாஜ்பாய் அரசு. 2008-ல் அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தது எதிர்க்கட்சி பா.ஜ.க.

நிலம் கையகப்படுத்தும் சட்டம் வேறு கதை. காங்கிரஸ் அரசு 2013-ல் நிறைவேற்றிய சட்டத்தைத் தளர்த்த 2014 டிசம்பரில் அவசரச் சட்டம் வந்தது. திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டது. ராஜ்யசபாவில் எதிர்க்கட்சிகள் விடவில்லை. வெளியே விவசாயிகளும் விடவில்லை. 2015 ஆகஸ்டு கடைசியில் அரசு அதைக் காலாவதியாக விட்டுவிட்டது. லோக்சபாவில் 44 பேரே உள்ள கட்சிக்கு அது பெரிய வெற்றி. காரணம் எளிது. எதைக் காப்பாற்ற நிற்கிறோம் என்று அந்த ஒரு விஷயத்தில் கட்சிக்குத் தெரிந்திருந்தது. மக்களுக்கும் புரிந்தது.

2019-ல் 52 இடங்கள். அமேதியில் ராகுல் காந்தி தோற்றார், வயநாட்டில் ஜெயித்தார். ஜூலை 3-ம் தேதி ஒரு கடிதம் வெளியிட்டார். கட்சித் தலைவர் என்ற முறையில் தோல்விக்குத் தானே பொறுப்பு என்று எழுதி விலகினார். நான் மொழிபெயர்த்த தோல்வி அறிக்கைகளில் 'நான்' என்ற எழுவாய் இவ்வளவு வெளிப்படையாக வந்தது அபூர்வம். பொறுப்பு இன்னும் பலருக்கு உண்டு என்றும் அதில் இருந்தது.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கட்சிக்குத் தெரியவில்லை. சோனியா காந்தி இடைக்காலத் தலைவரானார். இடைக்காலம் மூன்று வருடம் நீடித்தது. முழுநேரத் தலைமை வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் 23 தலைவர்கள் கடிதம் எழுதியபோது, அவர்கள் சொன்னது சரியா என்று விவாதித்ததைவிட, ஏன் எழுதினார்கள் என்று கேட்டதே அதிகம். 2022 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகள், சசி தரூருக்கு 1,072. முடிவு முன்பே தெரிந்த போட்டி என்றாலும், தோற்றவருக்கும் ஆயிரம் பேர் வாக்களித்தார்கள் என்பதே அந்தக் கட்சியில் செய்தி.

அதே சமயத்தில் தெருவும் நினைவுக்கு வந்தது. 2022 செப்டம்பர் 7-ம் தேதி கன்னியாகுமரியில் புறப்பட்ட பாரத ஒற்றுமை யாத்திரை 2023 ஜனவரி கடைசியில் ஸ்ரீநகரில் முடிந்தது. அந்த மே மாதம் கர்நாடகாவில் காங்கிரஸ் 224-க்கு 135 இடங்களோடு ஜெயித்தது. ஆனால் டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மூன்றும் போயின. நடப்பதால் தலைவருக்கு மரியாதை வரலாம். வாக்குச்சாவடிக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஊரில் கட்சி இருக்க வேண்டும்.

கடைசிச் சிக்கல் கூட்டணி. இதில் தமிழ் வாசகர்களுக்குப் பாடம் தேவையில்லை. 1967-ல் சென்னைக் கோட்டையை இழந்த காங்கிரஸ், 1971-ல் இந்திராவின் முடிவுப்படி தி.மு.க.வோடு சேர்ந்து ஒன்பது லோக்சபா இடங்களை ஜெயித்தது. அதற்கு ஈடாகச் சட்டசபைக்கு ஒரு இடத்தில்கூட அவர் கட்சி நிற்கவில்லை. டெல்லிக்கு ஒன்பது எம்.பி.க்கள் லாபம். தமிழ்நாட்டில் கட்சிக்கு அடுத்த ஐம்பது வருடங்களில் ஆட்சி திரும்பவில்லை. 1996-ல் உத்தரப் பிரதேசத்தில் நரசிம்மராவ் இதையே செய்தார். 425 தொகுதிகளில் ஏறக்குறைய முந்நூறை பகுஜன் சமாஜுக்குக் கொடுத்துவிட்டு காங்கிரஸ் 126-ல் நின்றது. ஜெயித்தது 33. விட்டுக்கொடுத்த தொகுதியில் கட்சிக்காரன் ஐந்து வருடம் கொடியை மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டான். வேறு கொடி பிடிப்பான்.

தனியே நிற்பதும் சுலபமில்லை. 2024-ல் காங்கிரஸ் 328 இடங்களில்தான் போட்டியிட்டது. அதன் சரித்திரத்திலேயே குறைவு. கிடைத்தது 99. பத்து வருடம் காலியாக இருந்த எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி நிரம்பியது. குறைவாக நின்று அதிகம் ஜெயிக்கலாம் என்று கூட்டணி நிரூபித்தது. ஆனால் அதே வருடம் அக்டோபரில் ஹரியானாவில் பா.ஜ.க.வை நேருக்கு நேர் சந்தித்தபோது 90-க்கு 37. நவம்பரில் மகாராஷ்டிரத்தில் 288-க்கு 16. கூட்டணி கொடுப்பது கடன்தான். கைமாற்று வாங்கிய பணத்தைச் சொத்து என்று நினைத்துக்கொண்டவர் கடைசியில் வீட்டையும் விற்பார்.

இவ்வளவையும் எழுதுவது ஒரு கட்சியின் மேல் உள்ள கரிசனத்தாலோ கோபத்தாலோ அல்ல. ஆளும் கட்சி தவறு செய்தால் தட்டிக்கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தன் தவறையே பெயர் சொல்ல முடியாதவராக இருந்தால், அவர் அடுத்தவர் தவறைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்? விலைவாசி ஏறும்போதும், நிலம் போகும்போதும், மகனுக்கு வேலை கிடைக்காதபோதும் கோபப்படும் குடிமகன் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு வாசல் தேடுகிறான். எதிர்க்கட்சி அலுவலகம் பூட்டிக் கிடந்தால் அவன் ஜாதியிடம் போவான், மதத்திடம் போவான், சினிமாக்காரரிடம் போவான், அல்லது வீட்டுக்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நஷ்டம் தோற்ற கட்சிக்கு மட்டுமல்ல.

1977-ல் பதில் சொல்லாமல் ஜெயித்தவர்கள் உண்டு. 1985-ல் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் உண்டு. அவர்கள் பதிலுக்கு நாடு விலை கொடுத்தது. தவறைச் செய்தவரைப் பெயர் சொல்லி, அடுத்தவர் மேல் பகை மூட்டாத ஒரு பதிலையும் கண்டுபிடித்து, அதன்பின் ஜெயித்த கட்சியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு தேர்தல் வரும். இன்னொரு கட்சி தோற்கும். மாலையில் அறிக்கை என் மேஜைக்கு வரும். தவறு நடந்திருக்கிறது என்று அதில் இருந்தால், தவறு நடந்திருக்கிறது என்றுதான் நானும் எழுத வேண்டும். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மொழிபெயர்ப்பவருக்கு உரிமை கிடையாது.